மிஸஸ் பிளெவின்ஸை நசுக்கியது யார்?

வெர்லா ஹக்ஸ்டெப் தன் முன்னாள் புருஷனின் பூச்சியை நசுக்கிக் கொன்றுவிட்டாள் என்று எங்கள் ஊர் டோலிவரில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய இடம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன் பொரிக்கிற கூடத்தில்தான் எங்கள் ஊரில் எல்லாமே கிளம்பும். சனிக்கிழமை அது தூண்டில் புழு விற்கிற கடைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் கார்களுக்கு நடுவே நின்று கொழுத்துவிடும்.

கெளுத்தித் துண்டுகளை மக்காச்சோள மாவில் புரட்டிக்கொண்டே வால்ட்டோ சொன்னான்:

"கட்டை விரலால வெச்சு ஒரே அழுத்தாம். உலகத்துலயே அது ஒண்ணுதான் இருந்துச்சாம்."

"பூச்சி உயிரோடவா இருந்துச்சு?" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்.

"அதெல்லாம் யாரு கேட்டா? ஆர்டன் குலுங்கிக் குலுங்கி அழுதாராம்."

"யாரு பாத்தாங்க?"

"பாக்கணுமா என்ன? வெர்லா செய்யக்கூடிய ஆளுதான?"

எங்கள் ஊர் நீதிமன்றம் இதற்கு மேல் சாட்சி கேட்பதில்லை. வெர்லாவின் விஷயத்தில் கேட்கவும் தேவையில்லை. எதிரே வண்டி வந்தால் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்குவது இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில் மூச்சு விடுவது மாதிரி; வெர்லா தூக்கமாட்டார். புதிதாகக் குடிவந்த பாதிரியார் மனைவி ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுத்தார், பையோடு. "அடிப்பக்கம் வேகல. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக் குடு, சாப்பிடுறேன்" என்றார். அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். பை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் பூச்சி செத்து நாற்பது வருஷமாகிறது. செத்ததை எப்படிக் கொல்வது? போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வெர்லா வேலை செய்வது ஊர் எல்லையில், செத்த பூச்சிகளைச் சேர்த்துவைக்கிற பூச்சிக் காப்பகத்தின் நிலவறையில். வெங்காயத் தாளை வெளுக்கவைக்கிற இலைப்பேனை எல்லோருக்கும் தெரியும். அதன் ஒன்றுவிட்ட உறவுகள் பயிர் பக்கமே வராது; காட்டில் செத்த கிளையிலும் சருகிலும் பிடிக்கிற பூஞ்சையைத் தின்று வாழும். அதிலும் சில வகைக்குச் சிறகு கிடையாது. பறக்காது, பயிரை அழிக்காது, கடிக்காது, எந்த அரசாங்கத்துக்கும் அதைப் பற்றிக் கவலை கிடையாது. ஓர் அரிசியின் பாதி நீளம் இருக்கும். இதைப் பார்த்து இது இன்ன இனம் என்று சொல்வதற்காக எங்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த இரண்டு பேரும் ஒருகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

வெர்லா ஆற்றுப் படுகையில் பன்றி வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். மாவட்டக் கண்காட்சிக்கு அப்பாவோடு போனால், ஒவ்வொரு பட்டியின் முன்னும் நின்று அந்தப் பன்றியின் குறையை உரக்கச் சொல்வாராம். "இதுக்குப் பின்னங்கால் உள்ள வளைஞ்சிருக்கு." "இதுக்குத் தோள் எறங்கியிருக்கு." பன்றியின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பார். அந்த வயதில் பழகிய கண், பிறகு நுண்ணோக்கிக்குப் போனது. வாய் மட்டும் கண்காட்சியிலேயே நின்றுவிட்டது.

பல்கலைக்கழகத்தில் ஆர்டன் பிளெவின்ஸைப் பார்த்தார். சாதுவான மனிதர். காட்டில் கிளைகளைத் தட்டிப் பூச்சி பிடிப்பார், மிச்ச நேரத்தில் ஆற்றில் மீன் பிடிப்பார். கல்யாணமான புதிதில் ஒரு ஹிக்கரி மரத்தின் செத்த கிளையிலிருந்து சிறகில்லாத பெண் பூச்சி ஒன்று அவர் விரித்த துணியில் விழுந்தது. வெர்லா அதைக் காரக் கரைசலில் ஊறவைத்து, சாராயத்தில் கழுவி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கண்ணாடிச் சில்லின் மேல் பிசின் சொட்டில் படுக்கவைத்து, மேலே மூடு கண்ணாடி போட்டு, அடுப்பில் காயவைத்தார். ஆர்டன் அளந்தார். இதுவரை யாரும் பார்க்காத இனம் என்று அறிவித்தார். லத்தீனில் 'திருமதி பிளெவின்ஸுடையது' என்று பொருள் வருகிற மாதிரி பெயரும் வைத்தார். முதல் கல்யாண நாளுக்கு மற்றவர்கள் மோதிரம் வாங்கித் தருவார்கள். ஆர்டன் பேன் கொடுத்தார்.

அப்போது வெர்லாவுக்கு அது பிடித்திருந்ததாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை; ஆனால் மறுப்பதற்கும் என்னிடம் ஒன்றுமில்லை.

கல்யாணம் நான்கு வருஷம் நின்றது. பிரியும்போது நாய் ஆர்டனுக்கு, ஃப்ரீசர் வெர்லாவுக்கு என்று முடிவானது. கோர்ட்டில் கட்டணம் கட்டி வெர்லா தன் பழைய பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அரசாங்கம், வங்கி, தேவாலயம் எல்லாம் ஒத்துக்கொண்டன. பூச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சிகளுக்குப் பெயர் வைக்கிறவர்களின் சட்டம் அப்படி: ஒருமுறை அச்சேறிவிட்டால், மனசு மாறியதற்காகப் பெயரை மாற்றக்கூடாது. அந்தப் பெயரை இறக்க ஒரே வழிதான். அப்படி ஓர் இனமே கிடையாது, ஏற்கெனவே வேறு பெயரில் இருக்கிற பூச்சிதான் இது என்று அதன் உடம்பை வைத்தே காட்ட வேண்டும்.

இரண்டு பேரும் வேலையை விடவில்லை. முதலில் விடுகிறவர் தோற்றவர் என்று ஆகிவிடும் அல்லவா? காப்பகத்தில் நல்ல நுண்ணோக்கி ஒன்றே ஒன்று. காலையில் வெர்லா, மதியத்துக்கு மேல் ஆர்டன். தினமும் மதியம் ஆர்டன் வந்து தன் கண்ணுக்குத் தக்கபடி கண்குழாய்களை அகட்டி வைப்பார். மறுநாள் காலை வெர்லா வந்து நெருக்கி வைப்பார். பேச்சு கிடையாது. அப்படியே இரண்டு பேருக்கும் நரைத்தது.

இந்த வசந்த காலத்தில்தான் வினை வந்தது. காப்பகத்தின் தலைவி இமோஜீன் ரட்லெட்ஜ், நல்ல பெண், ஊருக்குப் புதுசு. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காப்பகத்தைக் காட்டுகிற திருவிழா நாளுக்கு ஏதாவது உள்ளூர்ப் பூச்சியின் படம் போட்டு டி-ஷர்ட் அடிக்கலாம் என்று நினைத்தாள். உலகத்திலேயே இந்த ஊரில் மட்டும் கிடைத்த பூச்சி எது என்று தேடினாள். கிடைத்துவிட்டது. "நம்ம ஊரு மிஸஸ் பிளெவின்ஸ்!" என்று சுவரொட்டி எழுதி வெர்லாவிடமே காட்டி, "எழுத்து பெருசா இருக்கா?" என்று கேட்டாளாம்.

நான் நிலவறைக்குப் போனபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. வெர்லா கண்குழாயிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"நசுக்கினீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"நசுக்கினேன். உக்காரு. அந்த ஸ்டூல்ல வேணாம், அது அந்த ஆளோடது. இதுல உக்காரு."

"ஆர்டனோட பூச்சியையா?"

"ஊருல அப்படியா பேசிக்கிறாங்க? மீன் பொரிக்கிறவன்தான?" நிமிர்ந்து பார்த்தார். "அவன் மீனும் உள்ள வேகாதது, பேச்சும் உள்ள வேகாதது. அந்த ஆளோட பூச்சி பெட்டியில பத்திரமா இருக்கு. அத நான் இப்ப நசுக்கல. அது அப்பவே நசுங்கிப் போச்சு."

ஒரு கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியின் மேடையில் வைத்து, பார் என்று தலையை ஆட்டினார். பார்த்தேன். தேன் நிறத்தில் ஏதோ ஒன்று, கால்களை விரித்துக்கொண்டு கிடந்தது. முன்பக்கம் சப்பையான தலை, பின்பக்கம் குழாய் மாதிரி ஒரு வால்.

"சிறகு இருந்தா ஒரு பூச்சிகிட்ட பாக்கறதுக்கு எவ்வளவோ இருக்கும். சிறகு போனா மார்பு சுருங்கிடும். உச்சியில இருக்கற மூணு கண்ணும் காணாம போயிடும். பக்கத்துக் கண்ணும் குன்னிப்போயிடும். அக்கா தங்கச்சி மாதிரி எல்லாம் ஒரே முகம். அப்பறம் மிச்சம் என்ன? தலை நீளமா, அகலமா. வாய் ஊசி ரெண்டும் தலைக்குள்ள எவ்வளவு தூரம் போகுது, நடுவுல எவ்வளவு இடைவெளி விடுது. உணர்கொம்பு மூணாவது கணுவுல கூம்பு எத்தன. வயித்தோட மொதத் தகடு என்ன வடிவம். முடி எங்கெங்க, என்ன நீளம். இத வெச்சுத்தான் ஜாதகம் சொல்லணும்."

"சரி."

"அந்த ஆளு இத வேற இனம்னு எதை வெச்சுச் சொன்னார் தெரியுமா? தலை நீளத்த விட அகலம் ஜாஸ்தி. வாய் ஊசி ரெண்டும் வெலகி நிக்குது. வயித்துத் தகடு தொப்பி மாதிரி விரிஞ்சிருக்கு. எல்லாம் அகலம். கூம்ப எண்ணு, முடிய அள. அதெல்லாம் ஹிக்கரி கிளையில கூட கூடயா கெடைக்கிற பழைய இனம்தான். ஏன் தெரியுமா? அழுத்தினா தலை அகலமாகும். கூம்பு எண்ணிக்கை மாறுமா? முடி நீளுமா?"

"அப்ப யாரு அழுத்தினது?"

வெர்லா துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தார். லென்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வெர்லாவைப் பிடிக்காத ஆட்கள் இந்தத் தொழிலில் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் நல்ல பூச்சி கிடைத்தால் இவருக்குத்தான் பார்சல் அனுப்புவார்கள். வெர்லா படுக்கவைத்த பூச்சியில் உணர்கொம்பு நேராக நீண்டிருக்கும், கால் ஒன்றும் மடங்காது, ஒரு முடி முறியாது. ஊர் அவரிடம் கண்டுபிடித்த நல்ல குணம் அது ஒன்றுதான். அவரும் அதற்கு மேல் எதையும் சேர்த்துவைக்கவில்லை.

"கண்ணாடிய மேல வெச்சது நான்தான்" என்றார் கடைசியில். "கண்ணாடி எழும்பாம இருக்க மேல ஒரு சின்ன எடை வெச்சு அடுப்புல வைப்போம். அன்னைக்கி எடை கெடைக்கல. அந்த ஆளு தூண்டில் பெட்டியத் தொறந்து ஒரு ஈயக்குண்டு குடுத்தார். ஆத்துல பெரிய கெளுத்திக்குத் தூண்டில் ஆழத்துல நிக்கப் போடறது. 'இது போதுமா'ன்னார். கல்யாணமான புதுசு. போதும்னேன்."

போன மாதப் புயலில் காப்பகத்துக்குப் பின்னால் ஹிக்கரிக் கிளைகள் விழுந்தன. வெர்லா அவற்றைத் தட்டிப் பழைய இனத்தைக் கை நிறையப் பிடித்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகப் படுக்கவைத்துவிட்டு, ஒன்றின் மேல் மட்டும் அதே ஈயக்குண்டைத் தூக்கி வைத்தார். இமோஜீன் பக்கத்தில் நின்று பார்த்தாள்; வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்; அது நடந்து நடந்து வால்ட்டோவின் வாணலிக்கு வந்து சேர்ந்தது. நசுக்கியது உண்மை. கட்டை விரல் பொய்.

"இப்ப அது காஞ்சிருச்சு. மேடையில இருக்கறது அதுதான்" என்றார் வெர்லா.

"நான் பாத்தது ஆர்டனோடது இல்லையா?"

"இல்ல. போன மாசம் செத்தது."

மாடிப்படியில் காலடி கேட்டது. வெர்லா எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டார். சில்லை மேடையிலிருந்து எடுக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று நினைத்து நான் கையை நீட்டினேன். பட்டென்று என் புறங்கையில் ஓர் அடி விழுந்தது.

ஆர்டன் கையில் பிளாஸ்க்கோடு வந்தார், பின்னால் இமோஜீன். ஆர்டன் வெர்லாவைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "அந்தம்மாவுக்கு வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுன்னு சொல்லு" என்றார் வெர்லா சுவரிடம்.

ஆர்டன் தன் ஸ்டூலில் உட்கார்ந்து கண்குழாய்களை அகட்டினார். குனிந்தார். நிமிரவே இல்லை. பிளாஸ்க்கைக் கீழே வைக்கக்கூட இல்லை, மடியிலேயே இருந்தது. தலையை அளந்தார். திரும்பவும் அளந்தார். லென்ஸை மாற்றி வயிற்றுத் தகட்டைப் பார்த்தார். முகத்தை எடுத்தபோது கண்ணில் தண்ணீர். ஊர்ப்பேச்சில் அழுததாகச் சொன்னார்களே, அது அன்றைக்கு இல்லை, இன்றைக்குத்தான்.

"வெர்லா" என்றார். எத்தனை வருஷத்துக்கு அப்புறமோ, நேரடியாக. "வெர்லா, இன்னொண்ணு கெடைச்சிருக்கு! ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணுன்னு எல்லாரும் சிரிச்சானுங்க. அதே தலை, அதே தகடு. எங்கேர்ந்து எடுத்தே இத?"

வெர்லா பையைத் திறந்து, கட்டைவிரல் பருமனில் கறுத்துப்போன ஒரு ஈயக்குண்டை எடுத்து, மேசையில் டொக் என்று வைத்தார்.

"இதுக்கு அடியிலேர்ந்து."

ஆர்டன் முதலில் புரிந்துகொள்ளவில்லை. இமோஜீன்தான், நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் சில்லைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார். நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் சுவரொட்டியைப் பார்த்தேன். எழுத்து பெரிசாகத்தான் இருந்தது.

வெர்லா இமோஜீனிடம் சொன்னார்: "இந்தக் குண்ட மேல வெச்சா எந்தப் பூச்சியும் மிஸஸ் பிளெவின்ஸ் ஆயிடும். நானே ஆனேனே."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சாதுவான மனிதர்களை நாம் சரியாக எடைபோடுவதில்லை. ஆர்டன் பிளாஸ்க்கைத் திறந்து, காபியை ஊற்றி, ஒரு மடக்கு குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இது நசுங்கினது, ஒத்துக்கறேன். ஆனா என்னோடது நீ பண்ணது. உன் கையில ஒரு பூச்சி நசுங்கும்னு எவன் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். இந்த நாட்டுலயே உன்ன மாதிரி ஒருத்தர் கெடையாது."

வெர்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய மூடுங்க."

"கூட இருந்தப்ப சொல்லல, தப்புதான். இப்ப சொல்றேன். அது ஒரு அற்புதமான வேலை."

"கேவலமான வேலை அது! பள்ளிக்கூடத்துப் பிள்ளகூட அப்படிப் பண்ணாது. கழுத்துக்கிட்ட வெடிச்சிருக்கு, தகட்டோட ரெண்டு ஓரமும் கிழிஞ்சிருக்கு, கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

"எனக்கு ஒரு குறையும் தெரியல. முத்து மாதிரி இருக்கு."

"அசிங்கம்!"

"அழகு!"

"நீங்க பொய் சொல்றீங்க!"

"நீ ரொம்ப அடக்கமா பேசற, வெர்லா."

வெர்லா ஹக்ஸ்டெப்பை அடக்கமானவர் என்று ஒருவர் திட்டியது டோலிவரின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. அவர் தன்னைத்தானே வைதுகொண்ட துணிச்சலும், இவர் பாராட்டிப் பாராட்டிக் கழுத்தை நெரித்த நேர்த்தியும் பார்க்கப் பார்க்க, இமோஜீன் மெல்லப் பின்வாங்கிப் படிக்கட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அங்கிருந்தபடியே கேட்டாள்:

"டி-ஷர்ட் அச்சுக்குப் போயிருச்சே, இப்ப நான் என்ன செய்யட்டும்?"

இரண்டு பேரும் ஒரே குரலில், "நீ சும்மா இரு" என்றார்கள். நாற்பது வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

அப்புறம்தான் ஆர்டனின் கண் மேசைக்கு வந்தது. "அது என் ஈயம்."

"இது ஆதாரம்."

"என் பெட்டியிலேர்ந்து எடுத்தது. கெளுத்திக்குன்னு எங்கப்பா வார்த்தது. நீ திருப்பித் தரவே இல்ல."

"நீங்க கேக்கவே இல்லயே."

"நீ வெச்சிருக்கேன்னே எனக்குத் தெரியாதே."

வெர்லா குண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியேறிப் போனார். எனக்குள் இருக்கும் குரங்கு சும்மா இருக்குமா? பின்னாலேயே ஓடி, வண்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"நாய குடுத்தீங்க, வீட்ட விட்டீங்க. இத மட்டும் ஏன் இத்தன வருஷம் வெச்சிருந்தீங்க?"

"ஈயத்தக் குப்பையில போடக்கூடாது. வெஷம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கோடையில் வெர்லாவின் கட்டுரை வந்தது. மிஸஸ் பிளெவின்ஸ் என்று ஒரு பூச்சி இல்லை, அது பழைய இனமேதான் என்று படங்களோடு நிரூபித்திருந்தார். அந்தச் சில்லைத் தயாரித்தவரின் திறமைக் குறைவே எல்லாத் தவறுக்கும் காரணம் என்றும் எழுதியிருந்தார். தயாரித்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'வெ. பிளெவின்ஸ்' என்று போட்டிருந்தார். அவர் தூக்கிப்போட நினைத்த பெயர் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார் போல. ஆர்டன் அடுத்த இதழில் அரைப் பக்கம் மறுப்பு எழுதினார். அது முழுக்க வெர்லா ஹக்ஸ்டெப்பின் கைத்திறனைப் பற்றிய புகழுரை. இவ்வளவு மனசு நோகடிக்கிற புகழுரையை நான் படித்ததில்லை.

ஜெயித்தது வெர்லாதான். யாரும் ஆர்டன் பக்கம் நிற்கவில்லை. ஆனால் சட்டம் இன்னொரு கோணல் வைத்திருக்கிறது. இறக்கிய பெயரை அழிக்கமாட்டார்கள். பழைய இனத்தின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், இப்படியும் ஒருகாலத்தில் அழைக்கப்பட்டது என்று வைத்திருப்பார்கள். உலகம் உள்ள வரை. வெர்லாவுக்கு இது முதலிலேயே தெரியும். "கீழதான இருக்கு" என்றார் என்னிடம்.

டி-ஷர்ட்டுகளைத் திருப்பி வாங்க அச்சகம் மறுத்துவிட்டது. திருவிழா நாளில் பிள்ளைகள் அவற்றை உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஓடினார்கள். மிச்சத்தில் ஒன்றை வெர்லா கிழித்து லென்ஸ் துடைக்கிறார். அதில் அச்சான சப்பைத் தலையும் தொப்பித் தகடும் தினமும் காலையில் அவர் கையில் கசங்குகின்றன.

ஆர்டன் வேலையை விடவில்லை. காலையில் நெருக்கி வைத்ததை மதியம் அகட்டுகிறார். வெள்ளிக்கிழமைகளில் ஆற்றுக்குப் போகிறார். தூண்டில் கடையில் ஈயக்குண்டு கை நிறைய அள்ளிக் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்கிறார். "எனக்கு வர வேண்டியது ஒண்ணு இருக்கு. அது வரட்டும்."

போன வாரம் பாலத்துக்குக் கீழே அவரைப் பார்த்தேன். ஈயம் இருக்க வேண்டிய இடத்தில், தூண்டில் கயிற்றில் ஒரு டிராக்டர் நட்டைக் கட்டியிருந்தார். நீரோட்டத்தில் அது எடை போதாமல், நிற்காமல் கரைப்பக்கமே ஒதுங்கி வந்துகொண்டிருந்தது. அவர் அதை இழுத்து இழுத்துத் திரும்பவும் வீசிக்கொண்டிருந்தார்.